கொல்லாத பதினாலு நாள்

அந்த ஆஸ்பத்திரியில் பூச்சியக்காவைத் தெரியாதவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, அன்று காலை வந்து சேர்ந்த நோயாளி. இன்னொன்று, அன்று காலை பிறந்த குழந்தை. மற்ற எல்லோருக்கும் அவளைத் தெரியும். சாம்பல் நிறச் சட்டை, இடுப்பில் டார்ச், இரண்டு முழங்காலிலும் ரப்பர் பட்டை. டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள் என்றால் இவள் கட்டிலின் காலைப் பார்ப்பாள். ஏழு வருடமாக அந்தக் கட்டிடத்துக் கரப்பான், எலி, ஈ, மூட்டைப்பூச்சி அத்தனைக்கும் எமன் அவள்தான். இதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சமையலறைக்குள் அவள் நுழைந்தால் சமையல்காரரே காலைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

வீட்டில் வேறு பெயர். அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவளுக்கு முன்பே வந்து சமைத்து வைத்துவிட்டு, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும், "வாம்மா கொலைகாரி, இன்னைக்கு எத்தனை?" என்று குரல் கொடுப்பார். அவளும் கை கழுவிக்கொண்டே கரப்பான் இத்தனை, எலி இத்தனை என்று ஒப்பிப்பாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், "சாப்பிடற நேரத்துல எலிக்கதை வேணாம்மா" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். போய்விட்டு அங்கிருந்தே, "எவ்ளோ பெரிய எலி?" என்று கேட்பாள்.

இப்படிப்பட்டவள், தொடர்ந்து பதினாலு நாள் ஒரு எறும்பைக்கூடக் கொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்த கதை இது. அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும் செய்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் மாடியிலிருந்து கூப்பிட்டார்கள். குறைமாதக் குழந்தைகள் பிரிவு. பதினோரு கண்ணாடிப் பெட்டிகள், பதினோரு குழந்தைகள், எந்நேரமும் ஏதாவது ஒரு இயந்திரத்தின் 'பீப்' சத்தம். அந்தப் பிரிவைக் கட்டி ஆள்கிற பெரிய சிஸ்டர் ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார். அட்டையில் ஒட்டியிருந்த செல்லோடேப்புக்கு அடியில் மூன்று புள்ளிகள். பூச்சியக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். மூன்றும் எறும்புகள். மஞ்சள் நிறம், கடுகில் பாதிகூட இருக்காது.

"எங்க பிடிச்சீங்க சிஸ்டர்?"

"பயில்வான் பெட்டியில. வெளிப்பக்கம், கதவு ஓரம்."

பயில்வான் என்பது மூலைப் பெட்டிக் குழந்தைக்கு நர்ஸ்கள் வைத்த பெயர். எடை எண்ணூற்று இருபது கிராம். அவனுடைய முழங்கை, பூச்சியக்காவின் சுண்டுவிரலைவிட மெல்லிசு. ஊசி போட்ட கையில் டேப் ஒட்டி, மூக்கில் குழாய் வைத்து, குல்லா போட்டுப் படுத்திருந்தான். அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, பார்க்கிறவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

இந்த மஞ்சள் பொடி எறும்பைப் பூச்சியக்காவுக்கு நன்றாகத் தெரியும். இனிப்பும் எண்ணெயும் மட்டுமல்ல, காயத்துக் கட்டுக்குள்ளும் போகும், குளுக்கோஸ் குழாயின் முனையையும் தேடிப் பிடிக்கும். அவள் தரையில் மண்டியிட்டு டார்ச்சை அடித்தாள். கை கழுவும் தொட்டிக்குப் பின்னால் டைல்ஸ் விரிசலில் தொடங்கி, சுவரோரம் போய், மின்சார ஒயரில் ஏறி, மூலைப் பெட்டியின் காலைத் தொட்டது வரிசை. மண்டியிட்டபடியே பத்து நிமிடம் பார்த்தாள். ஒன்றைக்கூட நசுக்கவில்லை. சிஸ்டர் அதைக் கவனித்தார், பிடிக்கவில்லை.

பத்து மணிக்கு நிர்வாகி அறையில் கூட்டம். நிர்வாகி நல்ல மனிதர்தான். ஆனால் பத்திரிகையில் படம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே பாதி தலைமுடியை இழந்தவர். எறும்பு என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? குழந்தைங்களைப் பக்கத்து ரூமுக்கு மாத்துங்க. நாலு மணி நேரம். மருந்து அடிங்க. முடிஞ்சுது."

"அடிச்சா முடியாது சார், ஆரம்பிக்கும்" என்றாள் பூச்சியக்கா.

"என்னது?"

"இந்த எறும்புல ராணி ஒண்ணு இல்ல, நூறு இருக்கும். மருந்து வாசனை பட்டதும் ஒவ்வொரு ராணியும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டுத் தனிக்குடித்தனம் போயிடும். இன்னைக்கு ஒரு வீடு, நாளைக்குப் பத்து வீடு. சுவருக்குள்ள, சுவிட்சுக்குள்ள, துணி அலமாரிக்குள்ள. அப்புறம் யார் பிடிக்கறது?"

"பின்ன என்னதான் பண்ணப் போறீங்க?"

"சாப்பாடு போடப் போறேன்."

நிர்வாகி சொறிவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவள் விளக்கினாள். மெதுவாகக் கொல்லும் மருந்தைத் தீனியில் கலந்து வழியில் வைக்க வேண்டும். வெளியே வரும் எறும்பு அதைத் தின்று சாகக் கூடாது, சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். போய் ராணிக்கும் குஞ்சுக்கும் ஊட்ட வேண்டும். அதுவரை வெளியே நடமாடும் ஒவ்வொரு எறும்பும் நம்முடைய வேலைக்காரன். அதைக் கொன்றால் நம் கையை நாமே வெட்டிக்கொண்ட மாதிரி. பெட்டிகளின் கால்களிலும் ஒயர்களிலும் இரண்டு விரல் அகலத்துக்கு வாஸலின் களிம்பு பூசிவிட்டால் ஏறி வர முடியாது, குழந்தைகளுக்கு ஆபத்தில்லை. தினம் இரண்டு வேளை அவளே புதிதாகப் பூசுவாள்.

"எத்தனை நாள்?"

"மூணு வாரம் குடுங்க."

"ரெண்டு. அடுத்த திங்கள் விட்டு அதுக்கடுத்த திங்கள் நானே வந்து பார்ப்பேன். ஒரே ஒரு வரிசை இருந்தாலும் இந்தப் பிரிவை மூடிடுவேன். குழந்தைங்களை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம்."

அதுவரை பேசாமல் இருந்த குழந்தை டாக்டர் வாயைத் திறந்தார். "அந்த ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேர ரோடு சார். பத்து பேர் தாங்குவாங்க. மூலைப் பெட்டி தாங்காது."

நிர்வாகி முழங்கையைப் பார்த்துக்கொண்டே, "அதான் ரெண்டு வாரம் குடுத்திருக்கேன்" என்றார்.

பூச்சியக்கா அன்றே தொடங்கினாள். முதல் நாள் விஷமே கிடையாது, ருசி பார்க்கும் நாள். அட்டைத் துண்டுகளில் ஒரு புள்ளி தேன், ஒரு புள்ளி வேர்க்கடலை வெண்ணெய் தடவி, தொட்டிக்கடியில் வரிசையாக வைத்தாள். எது எவ்வளவு கூட்டம் சேர்க்கிறது என்று மணிக்கொரு தரம் எண்ணினாள். பெரிய சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"முப்பது வருஷமா நர்ஸா இருக்கேன். எறும்புக்கு விருந்து வெச்சுப் பந்தி விசாரிக்கறவங்களை இப்பதான் பார்க்கறேன்."

"இலை போட்டாச்சு சிஸ்டர். பாயசம் நாளைக்கு."

மறுநாள் பாயசம் வந்தது. உறிஞ்சு குழாயைச் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டி, அதற்குள் மருந்து கலந்த வேர்க்கடலை வெண்ணெயை அடைத்து, தண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால் யார் கையும் படாத இடத்தில் டேப் போட்டு ஒட்டினாள். எல்லோருக்கும் ஒரே கட்டளை: துடைக்காதே, அடிக்காதே, நசுக்காதே. தரை துடைக்கும் அம்மா, "எறும்பைப் பார்த்தா வணக்கம் வெச்சுட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். "ஆமா, வழியும் விடணும்" என்றாள் பூச்சியக்கா.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போலக் கேட்டார், "இன்னைக்கு எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தீனி வைத்தால் முதலில் கூட்டம் கூடத்தான் செய்யும். இது பூச்சியக்காவுக்குத் தெரியும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. புதன்கிழமை வரிசை நூல்போல இருந்தது. வியாழக்கிழமை கயிறுபோல ஆனது. நர்ஸ்கள் முகம் சுளித்தார்கள். பயில்வானின் அம்மாதான் எதுவுமே சொல்லவில்லை.

பயில்வானின் அம்மா இருபத்தைந்து வயதுப் பெண். அறுவைப் பிரசவம். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, தாய்மார் அறையிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வருவாள். கை கழுவி, கவுன் மாட்டி, தான் எடுத்துவந்த பாலை சிஸ்டரிடம் கொடுப்பாள். சிஸ்டர் அதைச் சிரிஞ்சில் ஏற்றிக் குழாய் வழியாக விடுவார், ஒரு வேளைக்கு நாலு மில்லி. பால் இறங்கி முடிந்த பிறகும் அவள் போக மாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் உட்காருகிற இடத்திலிருந்து பார்த்தால் தொட்டியின் அடிப்பக்கம் நேராகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பூச்சியக்கா வந்தபோது பெரிய சிஸ்டர் வாசலிலேயே சிரித்த முகத்தோடு நின்றார். "போய்ப் பாருங்க. ஒண்ணுகூட இல்ல. உங்க பாயசம் வேலை செஞ்சுடுச்சு!"

பூச்சியக்கா சிரிக்கவில்லை. மூன்று நாளில் இந்தக் கூட்டம் ஒழியாது. மண்டியிட்டு, தொட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்து, சுவரோரம் மூக்கை வைத்தாள். சோப்பு வாசனை. டெட்டால் வாசனை. அதற்கெல்லாம் அடியில் மெலிதாக, இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை. கடையில் விற்கிற ஸ்ப்ரே டப்பா.

"யாரோ அடிச்சிருக்காங்க" என்றாள்.

டாக்டர் ஓடி வந்து எல்லாக் குழந்தைகளின் மூச்சையும் பார்த்தார். நல்லவேளை, கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் மத்தியானத்துக்குள் பூச்சியக்கா பயந்தது நடந்தது. துணி அலமாரியின் கீழ்த் தட்டில் ஒரு வரிசை. பால் வைக்கும் ஃப்ரிட்ஜின் பின்னால் ஒரு வரிசை. கதவுக்கு மேலே விளக்குப் பெட்டியிலிருந்து இன்னொன்று. தொட்டிக்கடியில் பழைய வரிசையும் திரும்பியிருந்தது. ஒரு வீடு நாலு வீடாகிவிட்டது.

நிர்வாகி தரை துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். அந்த அம்மா, "என் புள்ளைங்க சத்தியமா இல்ல சார்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். குரல் வராண்டா முழுக்கக் கேட்டது. பூச்சியக்கா படிக்கட்டுப் பக்கம் போய் நின்றாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தால் அவளுக்குப் படிக்கட்டுதான்.

பின்னால் மெதுவாகக் காலடிச் சத்தம். பயில்வானின் அம்மா, ஒரு கை வயிற்றில், இன்னொரு கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று. துண்டை விலக்கினாள். ஸ்ப்ரே டப்பா.

"நான்தான்க்கா. அந்தம்மாவைத் திட்டறாங்க, என்னால கேட்டுட்டு இருக்க முடியல. வீட்டுக்காரர்கிட்ட வாங்கிட்டு வரச் சொன்னேன். நர்ஸுங்க டூட்டி மாறற நேரத்துல ரெண்டே ரெண்டு தடவைதான் அடிச்சேன்."

"உனக்கு அறிவிருக்கா?" பூச்சியக்கா வெடித்தாள். "உன் புள்ளை நெஞ்சு இருக்கற இருப்புக்கு அந்த வாசனை ஆகுமா? நூறு தடவை சொன்னேனே! உனக்கு மட்டும் தனியா எழுதித் தரணுமா?"

அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணு முன்னாடி வரிசையா போகுதுக்கா. என் புள்ளைக்கு நாலடி தள்ளி. என்னால அவனைத் தூக்க முடியாது, நெஞ்சோட அணைச்சுப் பால் குடுக்க முடியாது, தொடறதுக்கே பர்மிஷன் கேக்கணும். இதையாவது பண்ணலாம்னு நினைச்சேன்."

பூச்சியக்காவின் கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. கோபப்படுவதற்கு அவளுக்கு என்ன யோக்கியதை? அதை அவளே சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேற ஆஸ்பத்திரி. இதே எறும்பு. அங்கயும் மேலதிகாரி அடின்னு சொன்னார். கூடாதுன்னு எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன். ஆனா வேலை போயிடுமேன்னு வாயை மூடிக்கிட்டு அடிச்சேன். உன் கையில டப்பா. என் முதுகுல பதினஞ்சு லிட்டர் டேங்க். நாலு மாடிக்கும் பரவிடுச்சு. மூணு மாசம் ஆபரேஷன் தியேட்டரை மூடி வெச்சாங்க. வந்த நோயாளிங்களை எல்லாம் திருப்பி அனுப்பினாங்க. திரும்பிப் போனவங்க என்ன ஆனாங்கன்னு நான் யாரையும் கேக்கல. கேக்கப் பயம்."

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப என் புள்ளையை அனுப்பிடுவாங்களாக்கா?"

"இன்னும் பத்து நாள் இருக்கு" என்றாள் பூச்சியக்கா. எழுந்தாள். டப்பாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

நேராக நிர்வாகி அறைக்குப் போனாள். "அடிச்சது அந்தம்மா இல்ல சார். அவங்களை விட்டுடுங்க."

"அப்ப யாரு?"

"கேக்காதீங்க. மறுபடி அடிக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

"சொல்லியே ஆகணும். மருந்து கொண்டுவந்தவங்களை நான் அந்தப் பிரிவுக்குள்ள விட முடியாது, அது விதி."

அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. கண்ணாடியில் கை வைக்கும் உரிமையாவது அந்தப் பெண்ணுக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தாள். "சார், நீங்க சொன்ன திங்கட்கிழமை எறும்பு இருந்தா என்னை அனுப்பிடுங்க. அதுவரைக்கும் என் வேலையை என்கிட்ட விடுங்க."

நிர்வாகி அவளை உற்றுப் பார்த்தார். "நாள் கூட்டித் தர மாட்டேன்."

"கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து பயில்வானின் அம்மாவுக்கு உத்தியோகம் கிடைத்தது. பூச்சியக்கா அவளிடம் ஒரு பென்சிலையும் அட்டையையும் கொடுத்தாள். தொட்டி, அலமாரி, ஃப்ரிட்ஜ், விளக்கு என்று நாலு கட்டம். "நீதான் இங்கயே உட்கார்ந்திருக்க. பாலுக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு இடத்துலயும் ஒரு நிமிஷத்துல எத்தனை போகுதுன்னு எண்ணி எழுது. கையை மட்டும் மடியிலயே வெச்சுக்கோ."

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். சில சமயம் கட்டைவிரல் தானாக எழும். அதை இன்னொரு கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொள்வாள். பூச்சியக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். அவளுக்கும் அதே கதைதான். இத்தனை வருடம் பூச்சியைக் கண்டதும் காலைத் தூக்கிப் பழகிய உடம்பு.

நாலு இடத்திலும் தீனி வைத்ததில், செவ்வாய்க்கிழமைக்குள் தொட்டியில் நின்றுவிட்டது. மறுநாள் அலமாரியிலும் விளக்கிலும் மெலிந்தது. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மட்டும் குறையவே இல்லை. வேர்க்கடலை வெண்ணெயை மாற்றித் தேன் வைத்தாள், முட்டை மஞ்சள்கரு வைத்தாள். எல்லாவற்றையும் சீண்டாமல் சுற்றிக்கொண்டு போயின, சோற்றில் குறை கண்டுபிடிக்கிற சம்பந்தி வீட்டார் மாதிரி.

வியாழக்கிழமை காலை பயில்வானின் அம்மா அட்டையை நீட்டினாள். "அக்கா, இதைப் பாருங்க. ஃப்ரிட்ஜ் கட்டம். நேத்து பத்து மணிக்கு நாலு. பத்தரைக்கு முப்பது. ஒரு மணிக்கு அஞ்சு. ஒண்ணரைக்கு முப்பத்தஞ்சு. பால் நேரம் முடிஞ்ச உடனேதான் கூடுது."

பூச்சியக்கா அட்டையைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள், அதன் பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தாள். பால் ஏற்றி முடிந்த சிரிஞ்சுகள் அதில்தான் விழும். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சொட்டு. அந்தப் பிரிவில் டப்பாப் பால் கிடையாது, தாய்ப்பால் மட்டும்தான். இத்தனை வருட அனுபவத்தில் அவள் கண்ணுக்குப் படாதது, பென்சில் பிடித்து ஒரு வாரம்கூட ஆகாதவள் கண்ணுக்குப் பட்டிருக்கிறது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை.

பெரிய சிஸ்டரிடம் சொன்னதும் கூடை வெளியே போனது. இனி ஒவ்வொரு சிரிஞ்சும் மூடி வைத்த டப்பாவில் போட்டு, ஒவ்வொரு வேளையும் உடனே அப்புறப்படுத்த வேண்டும். சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் அது பாதி வேலைதான். பாலுக்குப் பழகின கூட்டம் வேறு எதையும் தொடாது. பசி எடுத்து மற்றதைத் தேடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும்.

பூச்சியக்கா ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தினாள். இதைச் சுற்றி வளைத்துக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை.

"உன் பால் கொஞ்சம் வேணும்மா. தினம் அரை ஸ்பூன்."

"எதுக்குக்கா?"

"மருந்துல கலக்க."

அந்தப் பெண் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். ஒவ்வொரு சொட்டையும் அவள் எப்படி எடுக்கிறாள் என்பது பூச்சியக்காவுக்குத் தெரியும். இயந்திரத்தை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் கிண்ணத்தின் அடி நனையும். அதைத் தூக்கிப் பிடித்து, அளவுக் கோட்டைப் பார்த்து, சில நாள் சந்தோஷப்படுவாள், சில நாள் அழுவாள்.

"என் பாலை விஷத்துலயா?"

"ஆமா. வேற எதையும் தொட மாட்டேங்குது. நீ வேணாம்னு சொன்னா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். வேற வழி யோசிக்கறேன்." வேறு வழி இல்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

அந்தப் பெண் எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பூச்சியக்காவுக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? வாஸலினைப் பூசினாள், விளக்கைப் பார்த்தாள், பூசின இடத்திலேயே மறுபடியும் பூசினாள்.

பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பெண் திரும்பி வந்தாள். கையில் இரண்டு கிண்ணம். "இது அவனுக்கு, எட்டு மில்லி. டாக்டர் நேத்து கூட்டிட்டார். இது உங்களுக்கு. நடுவுல இன்னொரு தடவை உட்கார்ந்து எடுத்தேன். அவனோடதுல நான் கை வைக்கல."

பூச்சியக்கா கீழே தன் அறைக்குப் போனாள். கையுறை மாட்டி, வெள்ளைப் பொடியைச் சிட்டிகை அளந்து போட்டு, பாலை ஊற்றிக் கலக்கினாள். பால் இளம்சூடாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். மருந்து பட்ட கையுறையோடு கண்ணைத் துடைக்க முடியாது என்பதால் அது பாட்டுக்கு வழிந்தது.

பஞ்சில் நனைத்து, குழாய்த் துண்டுகளில் அடைத்து, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏழு இடத்தில் ஒட்டினாள். இருபது நிமிடத்தில் ஏழையும் எறும்புகள் மொய்த்துவிட்டன. பயில்வானின் அம்மா ஸ்டூலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தின்னுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா தின்னுங்க. வீட்டுக்கும் கொண்டு போங்க."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பூச்சியக்கா காலையில் வந்து புதுப் பஞ்சு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மகள், "லீவுல கூடவா?" என்று கேட்டதற்குக் கணவர் பதில் சொன்னார்: "அம்மா அங்க யாரையும் கொல்லாம இருக்கறதுக்குப் போறா. அது ரொம்பக் கஷ்டமான வேலை." கிண்டலாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது கிண்டல் இல்லை. வேனிலேயே கொண்டுபோய் விட்டார்.

அட்டையில் எண்கள் இறங்கின. முப்பது, பதினொன்று, நாலு. ஞாயிறு மத்தியானம் பூஜ்யம். அந்தப் பெண் பூஜ்யத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு பூச்சியக்கா விஷமில்லாத தீனி தடவிய இருபது அட்டைகளை அந்தப் பிரிவு முழுக்க வைத்தாள், கடைசி வேளைப் பாலின் மிச்சச் சொட்டும் சேர்த்து. பத்து மணிக்கு நிர்வாகி வந்தார். கக்கத்தில் ஒரு ஃபைல். அதற்குள் குழந்தைகளை அனுப்பும் கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. குழந்தை டாக்டர் கூடவே வந்தார். பயில்வானின் அம்மா ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

பூச்சியக்கா ஒவ்வொரு அட்டையாக டார்ச் அடித்துக் காட்டினாள். தொட்டிக்கடியில் ஐந்து, காலி. அலமாரியில் நாலு, காலி. விளக்குக்குக் கீழே நாலு, காலி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஏழு. ஆறு காலி.

ஏழாவதில் ஒரு எறும்பு இருந்தது.

"இருக்கே" என்றார் நிர்வாகி. அவர் குரலில் சந்தோஷம் இல்லை. நசுக்குவதற்கு விரலை நீட்டினார்.

"தொடாதீங்க சார்!"

கத்தியது பூச்சியக்கா இல்லை. ஸ்டூலிலிருந்து, வயிற்றைக்கூடப் பிடிக்காமல் எழுந்து வந்திருந்தாள் பயில்வானின் அம்மா. "நீங்க வரிசை இருந்தாத்தானே மூடுவேன்னு சொன்னீங்க? இது வரிசையான்னு பாருங்க. அது எங்க போகுதுன்னு பாருங்க."

நிர்வாகி பூச்சியக்காவைப் பார்த்தார். பூச்சியக்கா, "இந்தப் பதினோரு நாளா எண்ணினது அவங்கதான் சார்" என்றாள். "கால் மணி நேரம் பார்க்கலாம். பின்னாடி இன்னொண்ணு வந்தா நானே ஃபைலைப் பிடிச்சுக்கறேன், நீங்க கையெழுத்து போடுங்க."

நாலு பேரும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள். அந்த எறும்பு அட்டையின் ஓரமாக ஒரு சுற்று வந்தது. தீனியைத் தொட்டது, எடுக்கவில்லை. சுவருக்குப் போனது, பாதியில் நின்றது, திரும்பி வந்தது. ஊட்டுவதற்கு யாரும் இல்லாதது போல மறுபடி ஒரு சுற்று. பத்து நிமிடம். கால் மணி நேரம். அதன் பின்னால் எதுவும் வரவில்லை. முன்னாலும் இல்லை.

நிர்வாகி நிமிர்ந்தார். முதுகு வலித்திருக்கும், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஃபைலைத் திறந்து கடிதத்தை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பூச்சியக்காவிடம் ஏதோ சொல்ல வந்து, மென்று முழுங்கிவிட்டு, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார். "குடிக்கறேன் சார்" என்றாள் அவள். டாக்டர் மூலைப் பெட்டிக்குப் போய் எடைச் சீட்டைப் பார்த்தார். "தொள்ளாயிரத்து முப்பது" என்றார், யாரிடமோ.

அவர்கள் போன பிறகும் பயில்வானின் அம்மா அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். வலது கை இன்னும் முந்தானைக்குள் இறுகியிருந்தது.

"அக்கா, இதை என்ன பண்றது?"

பூச்சியக்கா அந்த எறும்பைப் பார்த்தாள். அது மூன்றாவது சுற்றில் இருந்தது.

"இப்ப கொல்லலாம்மா."

அந்தப் பெண் கையை வெளியே எடுத்தாள். பதினோரு நாளாக மடியில் அமுக்கி வைத்திருந்த கட்டைவிரலை, அவசரமில்லாமல், அட்டையின் மேல் வைத்து அழுத்தினாள். பிறகு தொட்டிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அடுத்த வேளைப் பாலை எடுத்துவரப் போனாள்.